ஆற்றுக்குள் இறக்கிய உறை

சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகிற பஸ்ஸில் ஆற்றுப் பக்கமாக உட்கார்ந்தால், பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நீளமாக ஒரு மதில் வரும். அந்த மதில் நான் கட்டியது. மதிலுக்கு மேலே ரம்பத்தின் பல் மாதிரி ஏறி இறங்கித் தெரிகிறதே ஒரு கூரை, அதைத் தாங்குகிற தூண்கள் நான் நிறுத்தியவை. பஞ்சு மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கி என்னுடையது. என்னுடையது என்றால் எனக்குச் சொந்தம் என்று அர்த்தமில்லை, என் கையால் எழும்பியது என்று அர்த்தம். தறி ஷெட்டு, பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற கொட்டகை, தொழிலாளர்களின் லைன் வீடுகள், அந்த வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் துணி துவைக்கிற கல் வரைக்கும் நான் செய்ததுதான். கரிசல் மண், சுவர் வெடித்துவிடும் என்றார்கள். வெடிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் நின்றவனுக்கு மட்டம் பார்க்கத் தெரியுமா என்றார்கள். ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த வேலையையும் எனக்கே கொடுத்தார்கள்.

இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். ஆற்றுக்கு நடுவே ஒரு கிணறு நிற்கிறது. அதை இறக்கியதும் நான்தான். அந்தக் கிணறு இல்லையென்றால் மேலே சொன்ன எதுவுமே கிடையாது. மதில் இருக்கிற இடத்தில் உடைமரம் நிற்கும், ஆடு மேயும்.

இப்போது மில் வாசலில் ஒரு கறுப்புக் கல் வைக்கப் போகிறார்கள். மில்லின் வரலாறு அதில் வரும். என்ன எழுத்து வெட்டுவது என்று ஒரு தாளில் அச்சடித்து என்னிடமும் காட்டினார்கள். முதலாளி பெயர் இருக்கிறது, நியாயம். எஞ்சினீயர் பெயர் இருக்கிறது, அதுவும் நியாயம். தண்ணீர் இறைக்கிற மோட்டாரைச் செய்த கம்பெனி பெயர்கூட இருக்கிறது. கிணற்றைப் பற்றி ஒரே வரி. 'ஆற்றுக் கிணறு தொழிலாளர்களால் தோண்டப்பட்டது.' அவ்வளவுதான். கல் இன்னும் வெட்டவில்லை. வெட்டுவதற்குள் நடந்தது நடந்தபடி எல்லாருக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் இளையரசனேந்தல் பக்கம். வானம் பார்த்த பூமி. அப்பா அடுத்தவர் புஞ்சைக் காட்டில் கிணறு வெட்டுகிற கூட்டத்தில் இருந்தார், நானும் அதிலேயே சேர்ந்தேன். எங்கள் கிணறு என்றால் கரிசலைத் தாண்டி, சுக்கான் கல்லைத் தாண்டி, பாறையில் குழி போட்டு மருந்து வைத்து வெடித்து இறங்குவது. மேலே இருந்து பார்த்தால் சதுரமாக, கட்டிய மாதிரி இருக்கும். கல்யாணம் ஆன பிறகு சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரியின் தம்பியும் என்னோடு சேர்ந்துகொண்டான். நாங்கள் இரண்டு பேரும், கூட ஏழெட்டுப் பேரும் ஒரு செட்டு. அப்போது எனக்கு நல்ல வயசு. எதைக் கேட்டாலும் முடியாது என்று சொன்னதில்லை. இப்போதும் சொல்வதில்லை.

மில் முதலாளி வடக்கே கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். சங்கரன்கோவிலில் தறி நிறைய இருக்கிறது, நூலை வெளியிலிருந்து வாங்குகிறார்கள், இங்கேயே நூல் நூற்றுச் சாயமும் போட்டுக் கொடுத்தால் ஓடும் என்று கணக்குப் போட்டு வந்தவர். கணக்கு சரிதான். சாயம் போட நல்ல தண்ணீர் வேண்டும். நூல் நூற்கவும் தண்ணீர் வேண்டும். ஷெட்டுக்குள் காற்று ஈரமாக இல்லாவிட்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அதனால் ஆற்றங்கரையாகத் தேடினார். இடம் காட்டியவர் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் தரகு பார்க்கிறவர். அவர் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டியது கார்த்திகை மாதம். ஆறு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போகிறது. முதலாளி குனிந்து தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று சரி என்று சொல்லிவிட்டாராம்.

பங்குனியில் குடும்பத்தோடு வந்து இறங்கினார், பூமி பூஜைக்கு. அன்றைக்குக் குழி வெட்ட எங்கள் செட்டைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கரையில் நின்று பார்க்கிறார், மணல். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் வெறும் மணல். ஒரு கழுதை குறுக்கே நடந்து போகிறது.

"ஏனுங்க, ஆறு எங்கீங்க?" என்று தரகரைக் கேட்டார்.

"இதாங்கய்யா ஆறு. தண்ணிதான் இப்பம் இல்ல. கார்த்திகைக்கு வந்துரும்" என்றார் தரகர், பஸ்ஸுக்கு நேரம் சொல்கிற மாதிரி.

என் மச்சினன் சிரித்துவிட்டான். நான் அவன் காலை மிதித்தேன். முதலாளி முகத்தைப் பார்த்தால் சிரிக்கிற முகமா அது.

கரையில் போர் போட்டுப் பார்த்தார்கள். உப்பு. இன்னொரு இடத்தில் போட்டார்கள், அங்கேயும் உப்பு. முதலாளியோடு வந்திருந்த எஞ்சினீயர் ஆற்று மணலை அங்கங்கே குழி பறித்து, ஊறுகிற தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய்ச் சோதித்து வந்தார். மேலே மணலாக இருந்தாலும் அடியில் ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆற்றுக்குள்ளேயே உறைக்கிணறு இறக்கினால் வருஷம் முழுக்க நல்ல தண்ணீர் என்றார். இடம் குறித்தது அவர்தான். அந்தப் பெருமையை நான் கேட்கவில்லை, அது அவருக்குச் சேரட்டும்.

இறக்குவது யார் என்பதுதான் கேள்வி. எங்கள் பக்கத்தில் பாறைக்கிணறு வெட்டுகிறவன் தெருவுக்கு ஒருவன் இருப்பான். ஓடுகிற மணலில் உறை இறக்குகிறவன் ஒருவன் கிடையாது. தாமிரபரணிப் பக்கத்திலிருந்து ஒரு செட்டு வந்து பார்த்தது. ஐப்பசிக்குள் முடியாது, பாதியில் வெள்ளம் வந்தால் உறையும் போய்விடும் ஆளும் போய்விடும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நான் எஞ்சினீயர் முன்னால் போய் நின்றேன். இந்த வேலை செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். செய்வேன் என்றேன். அவர் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் வரைபடத்தை மணலில் விரித்தார்.

உறை இறக்குவதை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மணலுக்கு மேலே ஒரு பெரிய சிமெண்ட் வளையம் வார்க்க வேண்டும். ஒரு மாட்டுவண்டி உள்ளே நின்று திரும்பலாம், அத்தனை அகலம். அடி விளிம்பில் இரும்புப் பட்டை, கத்தி மாதிரி. வளையத்துக்குள் இறங்கி மணலை அள்ளி வெளியே போட்டுக்கொண்டே வந்தால், வளையம் தன் கனத்தாலேயே கீழே இறங்கும். ஓர் ஆள் உயரம் இறங்கியதும் அதன் தலையில் அடுத்த வளையத்தை வார்க்க வேண்டும். மறுபடியும் அள்ள வேண்டும். கனம் போதாவிட்டால் மேலே மணல் மூட்டை அடுக்க வேண்டும். பாறைக்கிணற்றில் ஆள் இறங்குவான், கிணறு இருந்த இடத்திலேயே இருக்கும். இதில் கிணறும் ஆளோடு சேர்ந்து இறங்கும். சுற்றி ஒரே சீராக அள்ள வேண்டும். ஒரு பக்கம் கூடிவிட்டால் வளையம் சாய்ந்துவிடும்.

சித்திரையில் ஆரம்பித்தோம். வைகாசி வெயிலில் மணல் காலைச் சுடும். சாக்கை நனைத்துக் காலில் கட்டிக்கொண்டு வேலை பார்த்தோம். ஆனியில் தண்ணீர் தட்டியது. முதல் ஊற்று வந்தபோது பக்கத்து ஊர்ப் பெண்கள் குலவை போட்டார்கள். முதலாளி தன் கையால் ஒரு செம்பு மொண்டு என்னிடம் நீட்டினார். குடித்தேன். அந்தத் தண்ணீரின் ருசியைப் பற்றி நான் சொன்னால் பொய் என்பீர்கள், விட்டுவிடுகிறேன். அப்புறம் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே உள்ளே அள்ளினோம். பாதி ஆழம் வந்துவிட்டது.

ஆடி பிறந்தது. சங்கரன்கோவிலில் தபசுக்குக் கொடி ஏறியது.

வெளியூர்க்காரர்களுக்கு ஆடித்தபசு ஒரு திருவிழா. சங்கரன்கோவில் சுற்று வட்டாரத்தில் பிறந்தவனுக்கு அது திருவிழா என்கிற கணக்கில் வராது. வெள்ளாமை செய்கிற சம்சாரி எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்குக் காட்டில் விளைந்ததை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவான். பருத்தி, மிளகாய் வத்தல், கம்பு, எது விளைந்ததோ அது. அம்பாளுக்குச் சுவாமி காட்சி கொடுக்கிற நேரத்தில் அதை அள்ளி வீச வேண்டும். அன்றைக்கு வேலைக்கு வா என்று இங்கே யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். எஞ்சினீயர் கூப்பிட்டார். உறை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நாள் நின்றாலும் சுற்றியுள்ள மணல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் கேட்டது நடக்காத காரியம். செட்டில் ஒருவன்கூட நிற்க மாட்டான், நானும் நிற்க மாட்டேன். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் போகத்தான் செய்வேன்.

போவதற்கு முன்னால் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். நாம் இல்லாவிட்டாலும் உறை நிற்காமல் இறங்கிக்கொண்டிருக்கட்டும் என்று, கிடந்த மணல் மூட்டைகளை எல்லாம் தூக்கி வளையத்தின் தலையில் ஏற்றினோம். வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்புகிற அவசரம். ஏணி சாத்தியிருந்த பக்கமே எல்லா மூட்டையும் ஏறியது. ஏணி சாத்தியிருந்தது ஊர்ப் பக்கம். மோட்டாரையும் நிறுத்திவிட்டோம், பார்க்க ஆள் இல்லையே. நான் போகிற வழியில் ஒரு காட்டில் கேட்டுப் பருத்தி வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். மில்லுக்கான வேலை, பருத்திதான் பொருத்தம் என்று தோன்றியது. நெரிசலில் தோளுக்கு மேலே கையை உயர்த்தி முடிந்த மட்டும் தூர வீசினேன். மனசு நிறைந்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் ஆற்றுக்குப் போனால், உறை சாய்ந்து நிற்கிறது. கொஞ்சம் நஞ்சம் இல்லை, தூரத்தில் கரையில் நின்று பார்க்கும்போதே தெரிகிறது. உள்ளே தண்ணீர் ஏறி, ஒரு பக்கத்திலிருந்து மணல் புகுந்து குவிந்து கிடக்கிறது. என் மச்சினன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அத்தான், உறைக்கும் தபசு பாக்கணும்னு ஆச வந்துட்டு போல. கோயிலப் பாத்துச் சாஞ்சிட்டு."

சிரிப்பு வந்தது. எஞ்சினீயர் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலாளி மத்தியானம் வந்தார். சுற்றி ஒரு தடவை நடந்தார். போதும், இது தோதுப்படாது, இடத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று எஞ்சினீயரிடம் சொன்னார். செட்டிலும் பாதிப் பேர், அம்பாளே வேண்டாம் என்று காட்டிவிட்டாள், இனிமேல் உள்ளே இறங்கக் கூடாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

நான் ஒதுங்கவில்லை. இதைத்தான் நான் கல்லில் கேட்கிறேன். கிணற்றை ஆரம்பித்தது பல பேர், அது உண்மை. சாய்ந்த பிறகு அதை விட்டுவிட்டுப் போகாமல் நின்றது யார்?

முதலாளியிடம் போனேன். ஐயா, ஐப்பசி மழை வரைக்கும் பொறுங்கள், அதற்குள் நிமிர்த்தாவிட்டால் நீங்கள் போங்கள், நானும் இந்த ஊரை விட்டுப் போகிறேன் என்றேன். ஊரை விட்டுப் போவதாகச் சொன்னது அந்த வேகத்தில் வாயில் வந்தது. வீட்டில் சொல்லவில்லை.

எஞ்சினீயர் யோசித்து ஒரு வழி சொன்னார். தாழ்ந்த பக்கத்து மூட்டைகளை எடுத்து, உயர்ந்த பக்கத்தில் ஏற்ற வேண்டும். உயர்ந்த பக்கத்து விளிம்புக்கு அடியில் மட்டும் உள்ளே இருந்து மணலைச் சுரண்ட வேண்டும். கனம் அழுத்த, அடி இளக, அந்தப் பக்கம் மெல்ல மெல்ல உட்காரும். சொல்வதற்கு லேசு. சுரண்டுகிறவன் சாய்ந்த உறைக்குள், கத்தி விளிம்புக்குக் கீழே கையை விட்டுக்கொண்டு இருக்க வேண்டும். தலைக்கு மேலே மூட்டைகள். உறை சொல்லிக்கொண்டு இறங்காது, திடீரென்றுதான் இறங்கும். அந்த நேரத்தில் கையை எடுக்காதவனுக்குக் கை இருக்காது.

யார் இறங்குவது என்று எஞ்சினீயர் கேட்கவில்லை. நான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே மச்சினனும் கட்டிக்கொண்டான். நீ எதற்கு என்றதற்கு, ஒருத்தன் மட்டும் செத்தால் இன்னொருத்தன் வீட்டுக்குப் போய் என்ன பதில் சொல்வது, அதற்கு இதுவே மேல் என்றான்.

என் வீட்டுக்காரி கரையில்தான் நின்றுகொண்டிருந்தாள், யார் போய்ச் சொன்னார்களோ தெரியவில்லை. புருஷன் ஒருவன், கூடப் பிறந்தவன் ஒருவன், இரண்டு பேரும் ஒரே குழிக்குள். அழுவாள் என்று நினைத்தேன். மணலில் இறங்கி நடந்து வந்தாள்.

"ரெண்டு பேரும் உள்ள போறீக. மேல கயித்த எவன் கையில குடுத்துட்டுப் போறீக?" என்று சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள். "இங்கன கொண்டாங்க."

கயிற்று நுனிகளை வாங்கித் தன் கையில் சுற்றிக்கொண்டாள். அவள் ஒரு இழுப்பு இழுத்தால் சுரண்டுகிற ஆள் மாற வேண்டும், இரண்டு இழுப்பு என்றால் விளிம்பை விட்டு வெளியே வா. உறையின் மேல் விளிம்பில் ஒரு கையை வைத்திருப்பாள். உறை அசைவதற்கு முன்னால் சிமெண்டில் ஒரு அதிர்வு வரும், அது எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அவள் கைக்குத் தெரிந்துவிடும். அதை அவளாகவே கண்டுபிடித்தாள். ஒதுங்கி நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து மூட்டை சுமக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். வெட்கம் வந்துவிட்டது போல.

முதல் வாரம் உறை அசையவே இல்லை. எஞ்சினீயர் சொன்ன மாதிரி மணல் இறுக்கிப் பிடித்திருந்தது. சுரண்டினால் சுரண்டிய இடத்தில் தண்ணீரும் மணலும் மறுபடியும் வந்து அடைக்கும். மறுபடியும் சுரண்டுவோம். உடம்பு ஊறி விரல் தோல் வெளுத்துப் போனது. அப்புறம் ஒரு மத்தியானம், கயிறு இரண்டு முறை வெடுக்கென்று இழுத்தது. கையை உருவிக்கொண்டு எதிர்ப்பக்கம் விழுந்தோம். உறை ஒரு உறுமல் உறுமிக்கொண்டு, உயர்ந்த பக்கம் ஒரு சாண் இறங்கி நின்றது. மேலே எல்லாரும் சத்தம் போடுகிறார்கள். மச்சினன் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடி தன் பத்து விரலையும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணி முடித்துவிட்டு என் விரலையும் எண்ணினான்.

அப்படியே ஆவணி போய், புரட்டாசியும் பாதி போனது. நிமிர்த்தி, மறுபடி சீராக இறக்கி, மேலே வளையம் வார்த்து, கடைசியில் இரும்பு விளிம்பு போய்க் களிமண் மெத்தையில் உட்கார்ந்தது. முழுக்க நிமிர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். உற்றுப் பார்த்தால் ஊர்ப் பக்கம் ஒரு இம்மி சாய்வு இன்றைக்கும் தெரியும். பார்க்க வருகிறவர்கள் கிணற்றுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வயசு எனக்குத்தான், கிணறு பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

ஐப்பசியில் ஆறு வந்தது. கரையில் நின்று பார்த்தோம். செம்மண் கலரில் நுரைத்துக்கொண்டு வந்து உறையில் மோதி இரண்டாகப் பிரிந்து போனது. வேரோடு வந்த ஒரு பனைமரம் நேராக வந்து இடித்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. உறை நின்றது. முதலாளி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்து, "இனி சுவரு கட்டலாமுங்க" என்றார். மில் ஆரம்பமானது அந்த வார்த்தையில்தான்.

அதற்குப் பிறகு நான் கட்டிடக் காண்டிராக்டர் ஆனது, ஷெட்டுக்கு மேல் ஷெட்டாக எழுப்பியது எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். மில் ஓடிய காலத்தில் மூன்று ஷிப்டும் சங்கு ஊதும். கரிவலத்திலிருந்தும் சைக்கிளில் வருவார்கள், பின்னால் மோட்டார்சைக்கிளில் வந்தார்கள். சங்கரன்கோவில் தறிகளில் பாதிக்கு இங்கிருந்துதான் பாவு போகும். அத்தனை நூலுக்கும் ஈரம் கொடுத்தது அந்தக் கிணறு.

அப்புறம் மில் நின்றது. பஞ்சு விலை, நூல் விலை என்று காரணம் ஏதேதோ சொன்னார்கள், எனக்கு அந்தக் கணக்கு புரியாது. வாசல் பூட்டிக் கிடந்தது. கிணறு மட்டும் நிற்கவில்லை, லைன் வீடுகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தது. அந்தச் சமயம் பார்த்து மணல் லாரிகள் வந்தன. நாங்கள் மாதக்கணக்கில் கூடை கூடையாக அள்ளிய மணலை அவர்கள் ஒரு மூச்சில் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆறு தாழ்ந்துகொண்டே போனது. மண்ணுக்குள் புதைத்த உறை வெளியே வந்து, புகைபோக்கி மாதிரி நெட்டையாக நிற்க ஆரம்பித்தது. அடியையும் தோண்டிவிட்டால் அடுத்த வெள்ளத்தில் விழும்.

மனு கொடுத்தேன், தாலுகா ஆபீஸில் உட்கார்ந்து எழுந்து முட்டி தேய்ந்தது. ஒருநாள் காலையில் ஜேசிபி உறைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது என்று லைன் பெண்கள் வந்து சொன்னார்கள். போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"இங்கன தோண்டாத மக்கா. உள்ள நான் கெடக்கேன்" என்றேன்.

ஓட்டுகிற பையன் எட்டிப் பார்த்தான். "வெளியதான நிக்கீரு, தாத்தா."

"இப்பம் நிக்கேன். உன் வயசுல இதுக்குள்ளதான் கெடந்தேன்."

என்ன நினைத்தானோ, எஞ்சினை அணைத்தான். பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு முதல் உறையைச் சுற்றி ஒருவனும் மணல் எடுக்கவில்லை. பின்னால் நானே கல் கொண்டுவந்து அடியைச் சுற்றி அடுக்கிக் கட்டினேன். அதற்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது முதலாளியின் பேத்தி வந்து மில்லைத் திறந்திருக்கிறது. படித்த பிள்ளை, மரியாதை தெரிந்த பிள்ளை. நூற்பு பழைய அளவு இல்லை; தறி ஓடுகிறது, தையல் நடக்கிறது, அக்கம்பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் வேலைக்கு வருகிறார்கள். முன்பு நூலைக் கோனில் சுற்றிய கூடத்தில் பழைய போட்டோக்களை மாட்டி வைத்திருக்கிறது. கல்லுக்கான தாளைக் காட்டக் கூப்பிட்டபோது, மச்சினனையும் கூட்டிக்கொண்டு போனேன். படித்துப் பார்த்துவிட்டு, என் பெயர் எங்கே என்று கேட்டேன்.

"நீங்க இல்லாமயாங்க, ஐயா. 'தொழிலாளர்களால்'னு போட்டிருக்குதுங்களே" என்றது பிள்ளை. "ஒருத்தர் பேரைப் போட்டா எல்லார் பேரையும் போடோணுமில்லீங்க?"

"போடும்மா. யாரு வேண்டாம்னா? உள்ள எறங்குனவன் பேரெல்லாம் எனக்குத் தெரியும். மூட்ட செமந்தவன் பேரும் தெரியும். சொல்லுதேன், எழுதிக்க."

"கல்லு பத்தாதுங்க, ஐயா."

"மோட்டாருக்கு எடம் இருக்குல்லா?" என்றான் மச்சினன். "அதுவும் எங்ககூட உள்ள எறங்குனதுதான், நான் மறுக்கல. ஆனா அது ஒரு நாளாவது வெரல எண்ணிப் பாத்திருக்குமா?"

பிள்ளை சிரித்தது. சிரித்துவிட்டு, மோட்டார் கம்பெனிக்காரர்கள் கல்லுக்குப் பண உதவி செய்கிறார்கள், அதனால் அந்தப் பெயரை எடுக்க முடியாது என்று உள்ளதைச் சொன்னது. மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. அப்படியானால் நடந்ததை எழுதிக் கொடுங்கள், பெரியவர்களிடம் காட்டிப் பேசிப் பார்க்கிறேன், வெள்ளிக்கிழமை கல் வெட்டுகிறவர் வருகிறார் என்றது. வெளியே வரும்போது மச்சினன், "சவத்த விடும் அத்தான். எனக்கெல்லாம் பேரு வேண்டாம். உம்ம பேரப் போடலன்னா வீட்டுல ஒருத்தனும் நிம்மதியா சோறு திங்க முடியாது, அதுக்காவது போடட்டும்" என்றான். வீட்டுக்காரியிடம் சொன்னதற்கு, கல்லில் பெயர் போட்டால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் இனிக்குமாக்கும் என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இனிக்காது. எனக்கும் தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும் வேண்டாமென்றால் அது அவர்கள் பெருந்தன்மை. எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை, இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டேன். 'தொழிலாளர்கள்' என்பது நல்ல சொல்தான். ஆனால் அது பெரிய கிட்டங்கி. நான் போன பிறகு அதற்குள் நுழைந்து என்னை யாராலும் தேடி எடுக்க முடியாது. உறை சாய்ந்த மறுநாள் அந்த மணலில் 'தொழிலாளர்கள்' என்று யாரும் நிற்கவில்லை. போகலாமா நிற்கலாமா என்று ஒவ்வொருவனும் தனித்தனியாகத்தான் யோசித்தான். நான் நிற்பது என்று முடிவு செய்தேன்.

ஆகவே மில்காரர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான். கிணற்றைப் பற்றிய வரியில் 'தோண்டப்பட்டது' என்பதை எடுத்துவிடுங்கள். ஒரு கிணறு தானாகத் தோண்டப்படாது. 'இறக்கியவர்' என்று போட்டு அதன் பக்கத்தில் என் முழுப் பெயரையும், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சேர்த்து வெட்டுங்கள். அதற்குக் கீழே, உடன் இறங்கியவர் என்று என் மச்சினன் பெயர். அவன் வேண்டாம் என்பான், கேட்காதீர்கள். அதற்கும் கீழே, கயிறு பிடித்தவர் என்று என் வீட்டுக்காரி பெயர். மற்றவர்கள் பெயரைக் கல்லின் பின்பக்கம் போடலாம், பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. எழுத்து எவ்வளவு சிறியதாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் கல் வெட்டுகிறவர் வருவதற்கு முன்னாலேயே நான் வந்து வாசலில் உட்கார்ந்திருப்பேன். எழுத்து சரியாக இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பேன்.